மோட்டார் கேட்டது போதும், பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள்

கள்ளிக்குப்பம், புதூர், ஒரகடம், சூரப்பட்டு வட்டாரக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,



ஆடி முடிந்ததும் நம் சங்கங்களில் மனு எழுதும் வேலை தொடங்கிவிடும். மழைநீர் வடிகாலைத் தூர்வார வேண்டும், தாழ்வான தெருக்களுக்கு மோட்டார் தயாராக வைக்க வேண்டும், படகு இரண்டு வேண்டும், செங்குன்றம் சாலையில் பள்ளத்தை மூட வேண்டும். போன வருட மனுவில் தேதியை மாற்றிக் கையெழுத்து வாங்கி, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று என்று நகல் கொடுத்துவிட்டு வருகிறோம். கேட்பதில் தப்பில்லை. கேட்டதில் பாதியாவது வந்து சேர்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வருடம் மனுவின் முதல் கோரிக்கையாக வேறொன்றை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

கள்ளிக்குப்பத்தில் தண்ணீர் ஏறும் இரவில், எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து முடிவெடுக்கும் அதிகாரி யார்? பகலில் யார், இரவில் யார், அவர் வர முடியாவிட்டால் யார்? அந்தப் பெயர்களை மழைக்கு முன்பே எழுத்தில் தரச் சொல்லுங்கள். மோட்டாரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இதில் என்ன கஷ்டம், மண்டல அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றும். நம்முடையது அவ்வளவு சுலபமான இடம் இல்லை. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நாம் 7ஆவது மண்டலம் ஆனோம். ஆனால் வருவாய்க் கணக்கில் அதற்குப் பிறகும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தோம். 2018இல் மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லையோடு பொருத்தியபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. போலீஸ் மட்டும் எதிர்த் திசையில் போனது. 2022 ஜனவரியில் ஆவடி ஆணையரகம் உருவானபோது அம்பத்தூர் அதன் கீழ் சென்றுவிட்டது. ஆகவே குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் ரிப்பன் மாளிகை, பட்டாவுக்கும் நிவாரணத்துக்கும் ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகம், போலீஸுக்கு ஆவடி. அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் புழல் ஏரியும் நீர்வளத் துறை. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர். கரண்டுக்கு மின்வாரியம். பைபாஸுக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம். தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. வெயில் காலத்தில் இது வெறும் அலைச்சல். மழை ராத்திரியில் இது வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி இரவு நான் பார்த்ததைச் சொல்கிறேன். மிக்ஜாம் புயல் மறுநாள்தான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. அதற்குள் நம்மை மூழ்கடித்து முடித்திருந்தது. ஆவடியில் 28 செ.மீ. மழை. அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டில் பட்டறை பட்டறையாகத் தண்ணீர் புகுந்து எந்திரங்கள் நனைந்து நின்றன. எங்கள் தெருமுனைக்கு டீசல் மோட்டாரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் வெளிமாவட்டத்துக்காரர். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் தெருப் பெயர் மட்டும். எங்கிருந்து உறிஞ்சி எங்கே விடுவது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போனில் ஒரு அதிகாரி, இதே தெருவில் போடு என்றார். அரைமணி கழித்து இன்னொருவர் அடுத்த நகருக்கு வரச் சொன்னார். நடுவில் கரைவேட்டிக்காரர் ஒருவர் வந்து மூன்றாவது இடம் காட்டினார். தண்ணீரை விட வேண்டிய கால்வாயோ நிரம்பி எதிர்த்துக்கொண்டிருந்தது. அது வேறு துறையின் கால்வாய். அறுந்து தொங்கிய வயரில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லாததால் யாரும் தண்ணீரில் இறங்கவும் இல்லை. "யாராவது ஒருத்தர் சொல்லுங்க சார், போட்டுடறேன்" என்று அந்த டிரைவர் சலித்துக்கொண்டார். அன்றிரவு அவரைவிடச் சரியாகப் பேசியவர் எவரும் இல்லை.

மோட்டார் இருந்தது, டீசல் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆளும் இருந்தார். நாம் மனு போட்டுக் கேட்ட அத்தனையும் வந்து தெருமுனையில் நின்றுகொண்டிருந்தன.

இந்தக் குழப்பத்துக்கு வழி சொல்லும் புத்தகம் தில்லியில் அச்சாகிப் பல வருடமாகிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், 2010 ஜூலையில் 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம்' என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதிகாரிகள் ஐ.ஆர்.எஸ். என்பார்கள். அதன் சாரம் சிக்கலானதல்ல. மாநிலத்துக்குத் தலைமைச் செயலர் பொறுப்பு, மாவட்டத்துக்குக் கலெக்டர் பொறுப்பு. களத்தில் கமாண்டர் ஒருவர். அவருக்குக் கீழே மூன்று பிரிவுகள்: இறங்கி வேலை செய்வது ஒன்று, நிலவரத்தைக் கணித்து அடுத்த கட்டத்துக்குத் திட்டம் எழுதுவது ஒன்று, டீசல், சாப்பாடு, வண்டி, வயர்லெஸ் என்று வேண்டியதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்று. கமாண்டருக்குப் பக்கத்திலேயே மூன்று பேர்: பத்திரிகைக்கும் மக்களுக்கும் தகவல் சொல்ல ஒருவர், மற்ற துறைகளோடும் அமைப்புகளோடும் பேச ஒருவர், வேலை செய்கிறவர்களின் உயிர்ப் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவர். எவரும் ஒரே ஒரு மேலதிகாரியிடம்தான் உத்தரவு வாங்க வேண்டும். ஒருவரின் கீழ் நேரடியாக ஐந்து பேர் என்றால் உத்தமம். வெளியிலிருந்து வரும் வண்டியும் ஆளும் நேரே தெருவுக்குள் நுழையாமல், முன்கூட்டியே குறித்த ஒரு திடலில் வந்து பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும், அங்கிருந்துதான் அனுப்பப்படும். மாநிலம், மாவட்டம், கோட்டம், வட்டம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் இப்படி ஒரு குழு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அந்த டிராக்டர் டிரைவரை இந்த ஏற்பாட்டுக்குள் வைத்துப் பாருங்கள். அவர் நம் தெருவுக்கு வந்திருக்கவே மாட்டார், திடலுக்குப் போயிருப்பார். எந்தக் கால்வாய் இன்னும் தண்ணீர் ஏற்கும் என்று திட்டப் பிரிவு பார்த்திருக்கும். வயரில் கரண்ட் இல்லை என்று பாதுகாப்பு அலுவலர் உறுதி சொன்ன பிறகே குழாய் இறங்கியிருக்கும். கரைவேட்டிக்காரருக்கு மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு, தொடர்பு அலுவலர் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டங்களைப் புரட்டினால் கட்டம் கட்டமாகப் போட்ட ஐ.ஆர்.எஸ். படம் கண்ணில் படும். குறை படத்தில் இல்லை. பதவிப் பெயர்கள் இருக்கும் அந்தக் கட்டங்களுக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு கள்ளிக்குப்பத்தில் போனை எடுக்கப்போகும் ஆளுக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. சென்னையில் மழைக்காலம் வந்தால் மண்டலத்துக்கு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியைக் கண்காணிப்பு அலுவலராகப் போடுவது வழக்கமாகிவிட்டது. அமைச்சர்களும் நேரில் வருகிறார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மண்டல அலுவலர் ஒருபுறம், கண்காணிப்பு அலுவலர் ஒருபுறம், தாசில்தார் ஒருபுறம், ஆவடியிலிருந்து வரும் போலீஸ் அதிகாரி ஒருபுறம். இவர்களில் யார் சொன்னால் மற்ற மூவரும் கேட்க வேண்டும்? கல்யாண வீட்டில் நாலு பேர் பந்தி விசாரித்தால் ஒரு இலைக்கு மூன்று முறை பாயசம் வரும், பக்கத்து இலைக்குச் சாம்பாரே வராது. 2015 டிசம்பரில் நிவாரண லாரிகள் சென்னையில் சுற்றியபோது இதைத்தான் பார்த்தோம். காசிமேட்டு மீனவர்கள் படகோடு ஓடிவந்தார்கள், எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் ரொட்டியும் போர்வையும் கொண்டுவந்தார்கள். ஈரத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. எந்தத் தெருவுக்கு யார் போயிருக்கிறார்கள் என்ற கணக்குத்தான் யாரிடமும் இல்லை.

இந்த ஐ.ஆர்.எஸ். முறை பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் விஷயத்துக்கு அது தேவைப்படும். 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத் தீ 13 நாள் எரிந்தது. 16 பேர் செத்தார்கள். 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தபோது, வண்டி போதாமல் போனது மட்டுமே காரணமாகத் தெரியவில்லை. ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொரு துறைக்குக் கேட்கவில்லை. ஒரே கருவிக்கு ஊருக்கொரு பெயர். ஒரே அதிகாரி முன்னால் எண்ணற்ற பேர் உத்தரவுக்கு நின்றார்கள். இதையெல்லாம் சரிசெய்ய உருவாக்கியதுதான் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் இந்தக் கட்டளை முறை. ஆனால் விரும்பிய துறை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1991 அக்டோபரில் அதே கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த தீயணைப்பு வண்டிகளின் ஹோஸ் பைப், ஓக்லாந்துத் தெருக்குழாய்களில் மாட்டவில்லை. ஊரெல்லாம் இரண்டரை அங்குலம், ஓக்லாந்தில் மட்டும் மூன்று அங்குலம். எதிரே வீடு எரிகிறது, குழாயில் தண்ணீர் இருக்கிறது, வண்டியில் ஆள் இருக்கிறார். இடையில் அரை அங்குலம்.

அதன் பிறகுதான் கலிபோர்னியா சட்டம் போட்டது. மாநில அரசுத் துறைகள் அத்தனையும் ஒரே முறையைப் பின்பற்றியாக வேண்டும். உள்ளாட்சிகள் பின்பற்றாவிட்டால், பேரிடர்ப் பணியில் ஆட்களுக்கு ஆன செலவை மாநிலம் திருப்பித் தராது. காசில் கை வைத்ததும் எல்லாரும் வழிக்கு வந்தார்கள். இப்படியொரு கடிவாளம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்பது என் கட்சி. பருவமழை முன்னேற்பாட்டுக்கு ஒரு மண்டலத்துக்கோ வட்டத்துக்கோ பணம் ஒதுக்கும்போது, கமாண்டர் பெயரும் மாற்று ஆள் பெயரும் போட்ட தாளையும், நடத்திய ஒத்திகையின் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு பணத்தை விடுவிக்கட்டும்.

இதெல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம், நம் ஊருக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு நம் எஸ்டேட்டையே காட்டுகிறேன். நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன். 1984இல் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அதன்படி அபாயகரமான பொருளைக் கையாளும் கம்பெனி அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஒத்திகையும் நடத்த வேண்டும். எங்கள் கேட்டில் செக்யூரிட்டி அறைக்கு வெளியே ஒரு பலகை. இடது பக்கம் பதவி: மெயின் கன்ட்ரோலர், இன்சிடென்ட் கன்ட்ரோலர், தீயணைப்பு, முதலுதவி, தலை எண்ணுகிறவர். வலது பக்கம் தகரச் சட்டத்தில் சொருகி எடுக்கும் பெயர் அட்டைகள். ஷிஃப்ட் மாறும்போது அட்டையையும் மாற்றுவார்கள். ராத்திரி ஷிஃப்டில் மேனேஜர் இருக்கமாட்டார். சார்ஜ்மேன் பெயர்தான் அங்கே இருக்கும். மேனேஜர் வீட்டிலிருந்து ஓடிவந்து பொறுப்பேற்கும்வரை சார்ஜ்மேன் சொன்னதுதான் சட்டம், முதலாளியே வந்து நின்றாலும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். சைரன் விட்டுவிட்டு ஊதினால் ஆபத்து, நீளமாக ஊதினால் முடிந்தது. அசெம்பிளி பாயின்டில் ஆள் எண்ணிக்கை சரியாக வரும்வரை யாரும் கலையக்கூடாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கும் இது மனப்பாடம். நம் வீடுகளில் பாதிப்பேர் எஸ்டேட்டில் வேலைபார்த்தவர்கள்தான். கேட்டுக்குள் எட்டு மணிநேரம் கடைப்பிடித்ததைக் கேட்டுக்கு வெளியே கடைப்பிடிக்க முடியாது என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆபத்து என்றதும் நமக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. 2025 ஜூலை 13 அதிகாலை, திருவள்ளூர் ரயில் நிலையம் அருகே டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் எரிந்தன. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தினார்கள். சென்னை–அரக்கோணம் தடமே நின்றுபோனது. மணலியிலிருந்து புறப்பட்ட ரயில் அது. நாம் தினம் மின்ரயில் ஏறும் தடத்தில் எரிந்தது. அதே விபத்து அம்பத்தூருக்கும் பட்டரவாக்கத்துக்கும் நடுவே நடந்திருந்தால் ரயில்வே, தீயணைப்புத் துறை, ஆவடி போலீஸ், சென்னை கலெக்டர், மாநகராட்சி என்று ஐந்து தலைகள் ஓடிவந்திருக்கும். எந்தத் தெருவைக் காலி செய்வது, எந்தத் திசையில் போகச் சொல்வது என்று முடிவெடுக்க ஒரு வாய்தான் இருக்க முடியும்.

தலைகள் கூடுவதால் என்ன ஆகும் என்பதற்கு 2019 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 25ஆம் தேதி மாலையிலிருந்து 29ஆம் தேதி விடியும்வரை தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. தீயணைப்பு வீரர்கள், தாங்களே செய்த கருவிகளோடு வந்த குழுக்கள், மாநில, தேசியப் பேரிடர் மீட்புப் படைகள், பிறகு ரிக் எந்திரங்கள். உயிரைக் கொடுத்து உழைத்தார்கள்; அவர்களில் ஒருவரைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த முயற்சிக்கு எவ்வளவு நேரம், அது பலிக்காவிட்டால் அடுத்தது எது, அந்த அடுத்ததை இப்போதே வரவழைக்க வேண்டாமா என்று யோசிப்பதற்கென்றே ஒரு பிரிவு தனியாக உட்கார வேண்டும். குழிக்கு அருகில் நின்றுகொண்டிருப்பவரால் அதை யோசிக்க முடியாது, அவர் மனம் குழிக்குள் இருக்கும். ஐ.ஆர்.எஸ்.இல் திட்டப் பிரிவைக் களப் பிரிவிலிருந்து பிரித்து வைத்ததற்கு இதுதான் காரணம். டி.வி. மைக்குக்குப் பதில் சொல்லத் தனி ஆளை வைத்ததற்கும் காரணம் உண்டு.

ஒடிசாவைப் பார்த்தாவது நம்பலாம். 1999 சூப்பர் சைக்ளோனில் அங்கே ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள்; பலியானவர்கள் 50க்கும் குறைவு. எச்சரிக்கை மேம்பட்டது, புயல் காப்பகங்கள் கட்டினார்கள், எல்லாம் உண்டு. கூடவே, எந்தக் கிராமத்துக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள்.

இனி நம் பக்கம். அதிகாரிகளைக் கேட்கும் முன் நம் வீட்டைப் பெருக்க வேண்டும். மழை ராத்திரியில் நம் வாட்ஸ்அப் குரூப்கள் செய்யும் அட்டகாசம் உங்களுக்குத் தெரியும். ஒரே பள்ளத்துக்கு ஆளாளுக்கு உதவிப் பொறியாளருக்கு போன். 1913க்கு ஒருவர், 1070க்கு ஒருவர், 1077க்கு ஒருவர், 101க்கு ஒருவர், கவுன்சிலருக்கு மீதிப்பேர். மூன்று வருடத்துக்கு முந்திய வீடியோவை இப்போது எடுத்ததுபோல் ஒருவர் போடுவார், புழல் உடைந்துவிட்டது என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். நம் போனை எடுத்துக்கொண்டே இருக்கும் அதிகாரி எப்போது வேலை பார்ப்பார்? சங்கத்துக்கு ஒரு தொடர்பாளரை நியமியுங்கள். பேச்சில் நிதானம் உள்ளவராக, இரவு கண்விழிக்கத் தயங்காதவராக இருக்கட்டும். பெண்கள் இதை நன்றாகச் செய்வார்கள் என்பது என் அனுபவம். தெருக்காரர்கள் அவரிடம் சொல்லட்டும், அவர் மட்டும் அதிகாரியிடம் சொல்லட்டும். ஆம்புலன்ஸுக்கு 108, தீ என்றால் 101, அதற்கு மட்டும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

அடுத்தது ஒரு நோட்டு. போனில் வேண்டாம், காகிதத்தில். 2015இல் டவர்கள் படுத்துவிட்டதும் நம் கான்டாக்ட் லிஸ்ட் ஒன்றுக்கும் ஆகாமல் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த வீட்டில், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், ஆக்சிஜன் கருவி ஓடும் வீடு எது, மாதம் நிறைந்த பெண்கள் யார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார். எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எந்தத் தெருவுக்குக் கரண்ட் போகிறது. தண்ணீர் முதலில் ஏறுவது எந்த முனையில், கடைசியில் வடிவது எந்த முனையில். மாடியில் இடம் தரக்கூடிய வீடுகள். ஓய்வுபெற்ற நர்ஸ், எலக்ட்ரீஷியன், நீச்சல் தெரிந்தவர்கள். வெளியிலிருந்து வரும் எந்த கமாண்டருக்கும் இந்தத் தகவல் இருக்காது. இதை நீட்டிப் பாருங்கள், நம்மைப் பார்த்து அவர் பேசும் தோரணையே மாறும்.

இந்த நோட்டு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அடித்துப்போக, சாலையும் துண்டிக்க, மீட்புப் படை போய்ச்சேர 19ஆம் தேதி ஆகிவிட்டது. அதுவரை பக்கத்து ஊர்க்காரர்கள்தான் உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். முதல் பல மணிநேரம் எப்போதும் உள்ளூர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் இருக்கிறதே என்று தெம்பாக இருக்காதீர்கள். சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) ரோட்டில் தண்ணீர் நின்றால் ஆவடியிலிருந்து வருவதற்கே அரைநாள் போய்விடும்.

கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் ஒதுக்கிவிடச் சொல்கிறேனா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. எந்தத் தெரு மக்களுக்கு முதலில் என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும். அதைக் கமாண்டரிடம் சொல்லட்டும், முகாமுக்கு அரிசி வரவழைக்கட்டும், தாமதித்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கட்டும். மோட்டார் டிரைவரிடம் நேராகப் போய் உத்தரவு போட வேண்டாம், அவ்வளவுதான். நமக்கும் அதே விதி. சங்கத் தலைவர் என்ற ஹோதாவில் தெருமுனையில் படகை மறித்து நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை, அவர்களும் இதைப் படிப்பார்கள்.

கமாண்டர் பெயர் தெரிந்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடுமா என்றால், வடியாது. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்கும் அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகும் வழியை அகலப்படுத்தாமல் யார் வந்தாலும் தெருவில் நீர் நிற்கும். அந்தப் போராட்டம் தனி, அதை விட்டுவிடச் சொல்லவில்லை.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 2025இல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் என்று தனியாக அமைக்க அது வழிசெய்கிறது. தலைவர் மாநகராட்சி ஆணையர், துணைத் தலைவர் கலெக்டர். சென்னை என்ற பெருநகரத்துக்கு இது நல்ல ஏற்பாடு. நம் கவலை ஒன்றுதான்: நம் போலீஸ் ஆவடியில் இருக்கிறது. அந்த மேசையில் ஆவடி ஆணையரகத்துக்கு நாற்காலி உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். மனுவின் வாசகத்தை எழுதிவைத்திருக்கிறேன், விருப்பம்போல் திருத்திக்கொள்ளுங்கள்:

"கள்ளிக்குப்பம் வட்டாரத்துக்கு ஐ.ஆர்.எஸ். முறைப்படி களக் கமாண்டராக இருக்கப்போகும் அதிகாரியின் பெயரையும், பகல், இரவு மாற்று அலுவலர்களின் பெயர்களையும், மீட்பு வாகனங்கள் வந்து நிற்க வேண்டிய திடல் எது என்பதையும் பருவமழைக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பெயர்களை வார்டு அலுவலக வாசலில் பலகையில் எழுதிவைத்து, ஆள் மாறும்போது மாற்ற வேண்டும். மாநகராட்சி, வருவாய்த் துறை, ஆவடி காவல் ஆணையரகம், தீயணைப்புத் துறை, மின்வாரியம், நீர்வளத் துறை ஆகியவற்றோடு எங்கள் சங்கத் தொடர்பாளர்களையும் சேர்த்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் ஓர் ஒத்திகை நடத்த வேண்டும்."

மண்டல அலுவலகம், கலெக்டர் அலுவலகம், ஆவடி ஆணையரகம் மூன்றுக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். ஆகவே மனுவை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எஸ்டேட்டில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற
கள்ளிக்குப்பம்வாசி ஒருவன்